நிலக்கரி டொக்டருக்கு

தம்பி, நீ சுகமா, சாப்பிட்டாயா, அங்கே குளிரா என்று இந்தக் கடிதத்தில் நான் கேட்கப்போவதில்லை. அதெல்லாம் போனில் கேட்டாகிவிட்டது. நீயும் "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று சொல்லிக்கொண்டே மற்றப் பக்கம் எதையோ தட்டிக்கொண்டிருந்தாய். நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், உனக்கு ஒரு மீட்டிங் வந்துவிடும். கடிதத்தை அப்படி வெட்ட முடியாது, கடைசி வரிவரைக்கும் நீ வாசித்துத்தான் ஆகவேண்டும். இதை ஏன் நாலு பேர் வாசிக்கிற இடத்தில் எழுதுகிறாய் என்று உன் அப்பா கேட்டார். "ஏனப்பா, வீட்டு விசயத்தைச் சந்திக்குக் கொண்டுபோறாய்?" என்றார். அந்தப் பொய் ஒரு மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் சொல்லப்பட்டது, உண்மையை மட்டும் நான் ஏன் குசினிக்குள் நின்று சொல்லவேண்டும் என்று திருப்பிக் கேட்டேன். அவர் பேப்பரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். பெயர்களை மாற்றியிருக்கிறேன். யாருக்கு நோவு வந்ததோ அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். உன்னிடம் கேட்கவில்லை.

நீயும் தர்ஷினியும் மோதிரம் மாற்றிய நாளில் இருந்து தொடங்குகிறேன். காலி வீதியில் அந்த மண்டபத்தில், பெண் வீட்டார் கொட்டாஞ்சேனையில் இருந்து இரண்டு வான் பிடித்து வந்து இறங்கியிருந்தார்கள். உன்னுடைய பெரிய மாமா, என் சொந்த அண்ணன், கிருலப்பனையில் இருந்து வரும்போதே வாய்க்குள் அந்தச் சொல்லை உருட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறார். பெண்ணின் சித்தப்பா யாரோ, மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்டதும், எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "எம்.ஆர்.ஐ. டொக்டர். ஆஸ்திரேலியாவிலை. அந்தப் பெரிய மிசின் முழுக்க இவரிட பொறுப்பிலைதான்." பக்கத்தில் இருந்தவர்கள் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் தன் தோள்மூட்டைத் தடவிக்கொண்டே உன்னைப் பார்த்தார். நீ கோட்டின் பொத்தானைச் சரிசெய்துகொண்டு சிரித்தாய். நான் பலகாரத் தட்டோடு அப்படியே நின்றேன். பிறகு காரில் வரும்போது சொன்னேன். "தம்பி, இதை இப்பவே சொல்லிப்போடு." நீ கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "விடுங்கோ அம்மா. டொக்டர்தானே. மிசினும் இருக்கு. பொய் ஒண்டும் இல்லையே. பிறகு மெல்லமாச் சொல்லுவம்" என்றாய்.

பொய் ஒன்றும் இல்லைத்தான். ஆராய்ச்சி செய்து கலாநிதிப் பட்டம் எடுத்தவனையும் டொக்டர் என்றுதான் சொல்கிறார்கள், ஊசி போடுகிறவனையும் டொக்டர் என்றுதான் சொல்கிறார்கள். உன்னுடைய லாபிலும் காந்தம் இருக்கிறது, ஆஸ்பத்திரியிலும் காந்தம் இருக்கிறது. ஆஸ்பத்திரிக் காந்தத்துக்குள் மனிதர் படுக்கிறார், உன்னுடையதற்குள் நிலக்கரித் துண்டு போகிறது. இந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்ல உனக்கு வாய் வரவில்லை. உன்னோடு ஒவ்வொரு நாளும் போனில் கதைத்த அந்தப் பிள்ளையிடமும் "லாப்", "மிசின்", "சாம்பிள்" என்றே சொல்லி வைத்திருக்கிறாய். சாம்பிள் என்றால் இரத்தமாக்கும், சதையாக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் ஏன் கரி என்று நினைக்கப்போகிறாள்?

எனக்கு இவ்வளவு ஆத்திரம் வருவதற்குக் காரணம், உன் வேலை என்னவென்று எனக்கு நீ வடிவாகச் சொல்லித் தந்திருக்கிறாய் என்பதுதான். அதற்கு முந்தின லீவில் வந்தபோது சாப்பாட்டு மேசையில் இருந்த பித்தளைச் செம்பைக் கரண்டியால் தட்டினாய். அது நெடுநேரம் ரீங்கரித்தது. பிறகு விளிம்பைக் கையால் பிடித்துக்கொண்டு தட்டினாய். டக்கென்று நின்றுவிட்டது. "இவ்வளவுதான் அம்மா" என்றாய். கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கின்றன, அவற்றில் தண்ணீர் இருக்கிறது, காந்தத்துக்குள் வைத்துத் தட்டினால் அந்தத் தண்ணீரில் உள்ள ஐதரசன் பதில் சொல்லும், சின்ன ஓட்டைக்குள் இறுக்கிப் பிடிபட்ட தண்ணீரின் சத்தம் உடனே செத்துவிடும், பெரிய வெடிப்புக்குள் தளர்வாகக் கிடக்கிற தண்ணீரின் சத்தம் நின்று கேட்கும், கரியை எரிக்காமல் உடைக்காமல் அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று இப்படி அளந்துவிடலாம் என்றாய். நான் வர்த்தகம் படித்தவள். எனக்கே விளங்கியது. "அப்ப இதிலை கஷ்டம் எங்கை?" என்று கேட்டேன். அப்போது உன் முகம் மாறியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. எத்தனை வயதானாலும் விருப்பமான ஒன்றைப் பற்றிக் கதைக்கும்போது உனக்கு அந்த முகம்தான் வரும்.

கரிக்குள் தண்ணீர் மட்டும் இல்லை, மெதேன் வாயுவும் ஒட்டிக்கொண்டு இருக்கிறது, அதிலும் ஐதரசன்தான் இருக்கிறது, இரண்டும் சேர்ந்து பதில் சொன்னால் எது தண்ணீர் எது வாயு என்று காந்தத்துக்குத் தெரியாது என்று சொன்னாய். பிரித்து அறிய வேண்டியது மனிதருடைய வேலை. கரியை உலர்த்தி ஒருமுறை, வாயுவை ஏற்றி ஒருமுறை, தண்ணீரை ஊறவிட்டு ஒருமுறை என்று திரும்பத் திரும்ப அளக்க வேண்டும். கனநீர் என்று ஒன்று இருக்கிறது, அதை ஊற்றினால் அதன் குரல் அந்தக் காந்தத்தின் காதில் விழாது, அப்போது கேட்கிறது வாயுவின் குரல் என்று தெரிந்துகொள்ளலாம் என்றும் சொன்னாய். "பிழையாப் பிரிச்சா என்ன?" என்று அப்பா கேட்டார். வாயுவைத் தண்ணீர் என்று எழுதிவிட்டால், அந்தச் சுரங்கத்தில் கீழே இறங்குகிறவர்கள் தண்ணீர் இருக்கிறது என்று நம்பிக் கரியை வெட்டுவார்கள், வாயு அவர்கள் முகத்தில் வெடிக்கும் என்றாய். என் பிள்ளை யாரோ முகம் தெரியாத மனிதர்களின் உயிருக்குக் காவல் இருக்கிறான் என்று அன்றைக்கு எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பெரிய மாமாவின் வாயை முதலிலேயே அடைத்திருக்கலாம்.

இன்னொன்றும் சொன்னாய். ஒருமுறை ஒரு சுரங்கத்தில் இருந்து வந்த கரியில் இரண்டு குரலும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடந்ததாம். உன் மேலதிகாரி அவசரப்படுத்தினாராம், ஏதாவது ஒரு எண்ணைக் கொடு, ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று. நீ கொடுக்கவில்லை. "இந்த அளவீட்டில் இருந்து சொல்ல முடியாது" என்று எழுதி அனுப்பினாயாம். அவர் ஒரு வாரம் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லையாம். இதைச் சொல்லும்போது நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை, பெருமைப்பட்டேன்.

இப்போது சொல்லு. ஒரு கரித்துண்டைப் பார்த்து "சொல்ல முடியாது" என்று சொல்லத் தெரிந்த வாய்க்கு, ஒரு மனுசியின் முதுகெலும்பைப் பார்த்து அதைச் சொல்ல என்ன கேடு வந்தது?

மோதிரம் மாற்றி இரண்டு மூன்று நாளில் தர்ஷினியின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தது உனக்கு நினைவிருக்கும். வெள்ளைநிறப் பெரிய உறை ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். லிப்ட் பழுது. விறைத்த காலோடு நாலு மாடி ஏறி வந்திருக்கிறார். நான் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போன நேரத்தில் உறையை உன்னிடம் தந்திருக்கிறார். அவர் சொன்னது எனக்குக் கேட்டது. "தம்பி, இதை ஒருக்காப் பாருங்கோ. கால் விறைக்குது எண்டு முதுகை ஸ்கேன் எடுத்தது. வாற கிழமை ஸ்பெஷலிஸ்ட்டைச் சனல் பண்ணி நேரம் எடுத்திருக்கிறம். அதுக்கு முதல் நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னா எனக்கு நிம்மதி." நான் தட்டோடு வந்தபோது நீ பால்கனிக் கதவடியில் நின்று, கடல் பக்கத்து வெளிச்சத்தில் அந்தப் படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாய். கண்ணைச் சுருக்கிக்கொண்டு. தலையைச் சரித்துக்கொண்டு. அந்த நடிப்பை எங்கே பழகினாயோ எனக்குத் தெரியாது. பிறகு சொன்னாய். "பெரிசா ஒண்டும் இல்லை மாமி. வயசுக்கு வாற தேய்மானம்தான். பயப்பிடாதேங்கோ." அவர் அந்தத் தேத்தண்ணியை எவ்வளவு ஆறுதலாகக் குடித்தார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் போனதும் கேட்டேன். "உனக்கென்ன தெரியும் எண்டு சொன்னனி?" நீ சொன்னாய், மாமி பயந்த சுபாவம், அவ மேல் ஒரு பரிவில் சொன்னது, எப்படியும் ஸ்பெஷலிஸ்ட்டிடம் போவார்கள்தானே என்று. பரிவு. உன்னுடைய பள்ளிக்கூடப் பௌதிகவியல் புத்தகத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருந்தது. காந்தப் பரிவு என்று உன் படிப்பின் பெயரை முதல்முதல் தமிழில் சொன்னபோது, காந்தத்துக்கு என்ன பரிவு என்று நான் பகிடி பண்ணினேன். அதற்கு நீ, சரியான தாளத்தில் தட்டினால்தான் பதில் வரும், வேறு எப்படித் தட்டினாலும் வராது, அதுதான் அம்மா பரிவு என்றாய். அந்த மனுசி எந்தத் தாளத்தில் உன்னைத் தட்டினார்? பயத்தோடு தட்டினார். நம்பித் தட்டினார். அதற்கு நீ கொடுத்த பதில் உன் கோட்டின் பொத்தானில் இருந்து வந்தது. அதற்குப் பெயர் பரிவு இல்லை. பெருமை குலைந்துவிடக் கூடாது என்கிற பயம். நீ ப்ளேன் ஏறிப் போய்விட்டாய். நீ சொல்லுவாய், நீ சொல்லுவாய் என்று நானும் காத்திருந்தேன்.

போன கிழமை தர்ஷினி போன் எடுத்தாள். "மாமி, அம்மா சந்தைக்குப் போயிட்டு ஒரு செருப்போட வந்து நிக்கிறா. மற்றது எங்கை கழண்டதெண்டு அவவுக்கே தெரியேல்லை." ஸ்பெஷலிஸ்ட் என்ன சொன்னவர் என்று கேட்டேன். "அங்கை போகேல்லையே மாமி. அவர் படத்தைப் பாத்து ஒண்டும் இல்லையெண்டவர்தானே. அப்பா அந்தச் சனலைக் கான்சல் பண்ணிட்டார்" என்றாள். குரலில் ஒரு குறையும் இல்லை. அவ்வளவு நம்பிக்கை.

நான் உடுத்திருந்த சேலையோடு ஓட்டோ பிடித்தேன். வெள்ளவத்தையில் இருந்து கொட்டாஞ்சேனைக்கு அந்த நேரத்தில் போவதென்றால் எவ்வளவு நெரிசல் என்று உனக்குத் தெரியும். கொம்பனித்தெருவடியில் வாகனங்கள் அசையவில்லை. ஓட்டோக்காரத் தம்பி கண்ணாடியில் என்னைப் பார்த்து, "அம்மா, சனீப நெத்த?" என்று சிங்களத்தில் கேட்டான், உடம்பு சரியில்லையா என்று. என் முகம் அப்படி இருந்திருக்கிறது. வழி நெடுக நான் உனக்குப் பேசிய ஏச்சை இங்கே எழுத முடியாது, பத்திரிகையில் போடமாட்டார்கள்.

அவர்கள் வீட்டு ஹோலில் மூன்று பேரும் இருந்தார்கள். தர்ஷினியின் அம்மா காலை ஒரு ஸ்டூலில் தூக்கி வைத்திருந்தார். நான் உட்காரவில்லை, நின்றுகொண்டே சொன்னேன். என் பிள்ளை ஆஸ்பத்திரி டொக்டர் இல்லை. அவன் காந்தத்துக்குள் வைக்கிறது நிலக்கரி. அதற்குள் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு வாயு என்று அளக்கிறவன். உங்கள் படத்தைப் பார்த்து ஒரு சொல்லுச் சொல்லவும் அவனுக்குத் தகுதி இல்லை. இப்பவே எழும்புங்கோ, ஆஸ்பத்திரிக்குப் போவம். தர்ஷினியின் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதிகம் கதைக்காத மனிதர். "கரியோ?" என்று ஒரே ஒரு சொல்தான் கேட்டார். பிறகு எழும்பி அறைக்குள் போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். அந்தச் சொல்லில் ஏளனம் இருந்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். அதில் ஒன்றும் இருக்கவில்லை.

தர்ஷினி என்னைப் பார்த்து, "அப்ப சாம்பிள் எண்டது?" என்றாள். நான் செம்புக் கதையைச் சொன்னேன். சுரங்கத்தில் இறங்குகிறவர்களைச் சொன்னேன். நீ எண் கொடுக்க மறுத்ததையும் சொன்னேன். என்னையறியாமல் உன்னைப் புகழ்ந்துகொண்டிருந்தேன், அவ்வளவு ஆத்திரத்திலும். அவளுடைய அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். காலைத் தடவிக்கொண்டு, மிகவும் மெதுவாகக் கேட்டார். "நல்ல வேலைதானே அக்கா. அப்ப ஏன் பிள்ளை வெக்கப்பட்டது?"

தம்பி, நாற்பது பேருக்குச் சமைத்துப் போடு என்றால் செய்வேன், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. நிலக்கரியோடு வேலை செய்கிறவனின் தாய் என்று சொல்ல நான் ஒருநாளும் கூசியதில்லை. நீ மறைத்தாய் பார், அதுதான் என் முகத்தில் கரி பூசியது. டொக்டர் என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் சனத்துக்குக் கண் தெரியாமல் போய்விடும் என்பது எனக்கும் தெரியும். ஒரு பிள்ளை ஏ.எல். பரீட்சைக்கு உயிரியல் எடுக்கவில்லை என்றால் வீட்டில் சாவு விழுந்த மாதிரி இருக்கிற ஆட்கள் நாங்கள். பெரிய மாமாவுக்கும் அன்றைக்கே போன் எடுத்துக் கொடுத்தேன் நல்ல பேச்சு. "நான் என்ன பிழையாச் சொன்னனான், காந்தம் காந்தம்தானே?" என்று கேட்கிறார். அந்த மனிதருக்குக் காந்தம் எல்லாம் ஒன்றுதான், அவர் படித்தது அவ்வளவு. உனக்கு அப்படியில்லை. ஒரே மாதிரிக் கேட்கிற இரண்டைப் பிரித்தறிவதற்குத்தான் உனக்குப் பட்டம் தந்தார்கள். அந்தப் பட்டத்தையே எடுத்து இரண்டு டொக்டரையும் ஒன்றாகக் கலக்கி விட்டாய்.

அன்றைக்கே ஆஸ்பத்திரியில் அனுமதித்தார்கள். அந்தப் பெரிய உறையைத் திறந்த டொக்டர், உண்மையான டொக்டர், படத்தைப் பெட்டி வெளிச்சத்தில் மாட்டிப் பார்த்துவிட்டு, ஏன் இவ்வளவு பிந்தி வந்தீர்கள் என்று கேட்டார். தர்ஷினியின் அப்பா என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார். உன்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. அடுத்த நாளே ஒப்பரேஷன் செய்தார்கள். நரம்பை அழுத்திக்கொண்டிருந்ததை எடுத்துவிட்டார்களாம். கால் பழையபடி வருமா என்று தர்ஷினி கேட்டாள். அந்த டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அதை இப்ப சொல்லேலாது, பிள்ளை" என்றார். நீ உன் மேலதிகாரிக்கு எழுதி அனுப்பிய அதே வசனம். அதைச் சொன்னதால் அவர் டொக்டர் இல்லாமல் போய்விடவில்லை. அங்கே இருந்த எல்லாரும் அவரை முன்னையைவிடக் கூடுதலாக நம்பினார்கள்.

கல்யாணம் என்ன மாதிரி என்று நீ மூன்று தரம் மெசேஜ் போட்டிருக்கிறாய். மாமியின் கால் எப்படி என்று ஒரு தரம்தான். நான் எண்ணவில்லை என்று நினைக்காதே. தாலிக்குப் பொன்னுருக்கக் குறித்த நாளை அவர்கள் இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். நிறுத்தவில்லை. தர்ஷினி மோதிரத்தைக் கழற்றவும் இல்லை, உன் போனை எடுக்கவும் இல்லை. "அவர் வந்து தன்ரை வாயாலை சொல்லட்டும் மாமி, அதுக்குப் பிறகு நான் யோசிக்கிறன்" என்றாள். நான் அவளுடைய பக்கம். இதைக் கோபத்தில் எழுதுவதாக நினைக்காதே, கோபம் ஆறின பிறகும் அவளுடைய பக்கம்தான்.

லீவு கேட்டு வா. கட்டுநாயக்காவில் இறங்கினதும் எங்கள் வீட்டுக்கு வராதே. பெட்டியோடு நேரே கொட்டாஞ்சேனைக்குப் போ. கோட்டுப் போடாதே. தர்ஷினியின் அம்மா இப்போது காலையும் பின்னேரமும் அந்த ஹோலில் சுவரைப் பிடித்து நடந்து பழகுகிறார். வலது காலில் செருப்பு நிற்பதில்லை. கழன்று விழுவது அவருக்குத் தெரிவதும் இல்லை. பக்கத்தில் ஒருவர் நடந்து, விழும்போதெல்லாம் குனிந்து எடுத்து மாட்டிவிட வேண்டும். தர்ஷினி வேலைக்குப் போகிறவள், அவளுடைய அப்பாவுக்குக் குனிய ஏலாது. அந்த வேலையை நீ செய். மன்னிப்புக் கேட்கிறேன் என்று நீட்டிமுழக்கி அவரைக் களைக்கப்பண்ணாதே. நடந்துகொண்டிருக்கும்போது எப்படியும் அவர் உன்னிடம் கேட்பார், எனக்குத் தெரியும், இவ்வளவுக்குப் பிறகும் உன்னிடம் கேட்பார். "தம்பி, கால் திரும்பி வருமோ?"

அப்போது நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லு: "தெரியாது மாமி."